தொடர்பு தேடி அலைந்த காலம்

சவப்பெட்டிக் கடைக்காரருக்கும் உளவளத்துணையாளருக்கும் ஒரே கஷ்டம்தான்: ஊர் கஷ்டப்பட்டால்தான் பிழைப்பு, ஆனால் வாசலில் நின்று யாரையும் வாங்க என்று கூப்பிட முடியாது.

தனியாகத் தொழில் தொடங்கி, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன தையல்காரர்களே, டியூஷன் மாஸ்டர்மாரே, பல் டொக்டர்மாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளங்காது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் மட்டக்களப்பு அரசடியில் முன்னறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு கதிரை போட்டு, மனம் நொந்தவர்கள் சொல்வதைக் கேட்பதற்காக உட்கார்ந்தவள் நான். அதற்கு முன்பு வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு நிறுவனத்தில் இதே வேலைதான் பார்த்தேன். ஒருநாள் வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் கண்ணீரில் இருந்த அக்கறை கக்கூஸ் பக்கம் திரும்பியது. கிராமம் கிராமமாக மலசலகூடம் கட்டினார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

லண்டனில் இருந்த அண்ணன் வா வா என்றான். அப்பாவும் அதே பாட்டுத்தான். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குள் நாலு பேராவது தேடி வராவிட்டால் அறைக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறவேண்டும் என்பது அப்பா போட்ட கட்டளை. எனக்குப் போக விருப்பமே இல்லை. லண்டனில் அண்ணியின் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுப்பதற்காக நான் இந்தப் படிப்புப் படிக்கவில்லை. அழ இடமில்லாத சனம் இங்கேதான் இருந்தது, எனக்குத் தெரிந்த வேலையும் இங்கேதான் இருந்தது.

கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் ஒரு மந்திரம் சொல்லி அனுப்பியிருந்தார். தொழில் வளர வேண்டுமானால் தொடர்புகளை வளர்க்க வேண்டுமாம். பெரிய மனிதர்களைப் போய்ப் பார்க்க வேண்டுமாம், பெயர் அச்சடித்த அட்டை கொடுக்க வேண்டுமாம், சிரிக்க வேண்டுமாம். அவர் பணக்காரக் கொள்ளுப்பிட்டியில் இருந்துகொண்டு சொன்னார். நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு செய்தேன்.

பெயர்ப்பலகை

முதல் வேலையாகப் போர்ட்டு எழுதக் கொடுத்தேன். ‘உளவளத்துணை நிலையம்’ என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். பெயின்டருக்கு எழுத்துப் பெரிதாக இருந்தால்தான் கைராசி. முதல் வரியில் ‘உளவ’ என்று சிவப்பில் ஒரு முழ உயரத்துக்கு எழுதிவிட்டு, இடம் போதாததால் மிச்சத்தை அடுத்த வரியில் சுண்டெலி போல எழுதி முடித்திருந்தார். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்தது சிவப்பு மட்டும்தான். அது ‘உளவு’ என்றே கண்ணில் பட்டது. யார் யாரைப் பற்றி யாருக்குச் சொல்கிறார்கள் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், நான் அதைப் போர்ட்டாக எழுதி மாட்டியிருந்தேன். என் வீட்டுப் பக்கம் நடந்தவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தார்கள். பால்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்தினார்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற தபால் கந்தோர் ஆள். சத்தம் போடாத மனிதர். நான் உளவளத்துணை என்றால் என்ன என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“புள்ள, நீங்க உளவு பாக்கிறத நான் வேணாமெண்டு சொல்லல்ல. போர்ட்டுப் போட்டுப் பாக்காதீங்க எண்டுதான் சொல்றன்.”

வண்ணக்கருக்கு வியர்த்தது

போர்ட்டைக் கழற்றி ‘மன ஆறுதல் நிலையம்’ என்று மாற்றி எழுதுவித்துவிட்டு, தொடர்பு வளர்க்கப் புறப்பட்டேன். குருக்கள்மடத்துப் பக்கம் ஒரு கண்ணகையம்மன் கோயில். அதன் நிர்வாகம் வண்ணக்கர் கையில். எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்றால் கோயிலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிற பெரிய மனிதர்; அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் பாதி ஊர் என் அறைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். நான் கிறிஸ்தவ வேதக்காரி என்பதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. பிளேன்டீ வந்தது. சீனியும் தாராளமாகவே இருந்தது.

பாழாய்ப்போன என் வாய் அப்போது பயிற்சியில் படித்ததை அப்படியே ஒப்புவித்தது. கோயிலோடு ஒரு தொடர்பை ஏற்படுத்த வந்திருக்கிறேன், உங்களுக்கு வேறு யாரோடெல்லாம் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது என்றேன். மனிதருக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த நாளையில் ‘தொடர்பு’ என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், ஊரில் வேறு பொருள். இன்னாருக்குத் தொடர்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால், இன்னாரை ஒன்றில் ஆமி தேடி வரும், அல்லது இயக்கம் தேடி வரும். அந்தச் சொல்லை வைத்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டி அம்மையாருக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும், ஆனால் படித்த படிப்பு புத்தியை மறைத்துவிட்டது. வண்ணக்கர் என் கையில் இருந்த கோப்பையை, குடித்து முடிக்கும் முன்பே, மரியாதையாக வாங்கி வைத்தார்.

“புள்ள, எங்கட கோயிலுக்கு ஆரோடயும் தொடர்பில்ல. அம்மாளோட மட்டுந்தான். அதும் வைகாசிச் சடங்கில மட்டுந்தான்.”

டொக்டரின் மாமியார்

கோயில் சரிவராவிட்டால் வைத்தியம். டவுனில் ஒரு டொக்டர் தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். சனம் அலைமோதும். தலையிடி, நெஞ்சுநோ, கைகால் விறைப்பு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ஒன்றுமில்லை; வீட்டில் ஒருவர் காணாமல் போயிருப்பார், அவ்வளவுதான். அவர்களுக்கெல்லாம் அவர் சிவப்பு மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்களை என்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். கட்டாயம் அனுப்புவேன் என்று கையடித்துச் சொன்னார். சொன்னபடி அடுத்த நாளே ஒருவரை அனுப்பினார். அது அவருடைய சொந்த மாமியார்.

மாமியாருக்கு ஒரு நோயும் இல்லை. மருமகன்தான் நோய். காலையில் வந்து கதிரையில் சாய்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். நான் சந்தோஷமாகவே கேட்டேன். வேறு யார் வந்தார்கள், கேட்க? ஒரு வாரம் போனதும் டொக்டர் தானே காரில் வந்து இறங்கினார். அடுத்த நோயாளியைக் கூட்டிவருகிறார் என்று நினைத்து நான் எழும்பி நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, மாமியார் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டார். இங்கே சொல்வது இந்தச் சுவருக்கு வெளியே போகாது, அதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி என்றேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அன்றோடு மாமியாரின் வரவும் நின்றது.

“அப்ப அனுப்பி எனக்கென்ன பிரயோசனம், மிஸ்?”

வலை பின்னிய கதை

இதற்கிடையில் ஒரு செயலமர்வுக்கு அழைப்பு வந்தது. மனநலத் துறையில் இருக்கிற எல்லோரையும் ஒன்றுசேர்த்து வலையமைப்பு உண்டாக்குவதாம். வாவிக்கரையில் ஒரு விடுதி மண்டபம், குளிரூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பும் பேனையும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எங்களை வட்டமாக நிறுத்திக் கம்பளி நூல் பந்து ஒன்றை எறியச் சொன்னார். பிடிக்கிறவர் தன் பெயரைச் சொல்லி, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு அடுத்தவருக்கு எறியவேண்டும். வாவியில் வீச்சுவலை வீசிப் பிழைக்கிற ஊரில், பெரிய மனிதர்கள் நாங்கள் கம்பளி நூலில் வலை பின்னிக்கொண்டு நின்றோம். அவர் அதைப் படம் வேறு எடுத்தார்.

பந்து சுற்றி முடிந்தபோதுதான் விஷயம் வெளித்தது. அந்த மண்டபத்தில் நின்ற எல்லோரும் ஆலோசகர்கள். துக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. தேநீர் இடைவேளையில் ஒருவருக்கொருவர் அட்டை கொடுத்துக்கொண்டோம். எனக்கு ஆள் அனுப்புங்கள், எனக்கு ஆள் அனுப்புங்கள் என்று ஒருவரையொருவர் கெஞ்சினோம். பிச்சைக்காரன் வீட்டுக்குப் பிச்சைக்காரன் விருந்துக்குப் போன கதைதான். சோற்றுப் பார்சல் வந்துவிட்டது என்று வாசலில் குரல் கேட்டதும் வலையை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் மட்டும் மணிக்கட்டில் சிக்கிய நூலை அவிழ்க்க முடியாமல் என் பக்கத்தில் நின்றார்.

“மிஸ், வந்த எல்லாரும் மீன்பிடிகாரர்தான். மீனுக்கு ஆரும் அழைப்புக் குடுக்கல்ல போல.”

நல்ல கனமான அட்டை

என் அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். மலிவான தாளில் அடித்தால் மதிக்கமாட்டார்கள் என்று, போர்ட்டை மாற்றுவதற்கு முன்பே பழைய பெயரில், தடித்த மட்டையில், ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அடித்திருந்தேன். அதில் ஒரு கட்டைக் கொண்டுபோய்க் காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடை முதலாளியிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். குளிர்பானம் தந்தார். புருசன்மார் சவூதியில் இருக்க, பிள்ளைகளோடு தனியாகக் கிடந்து அல்லாடும் பெண்கள் எத்தனையோ பேர் தன் கடைக்கு வருவதாகவும், ஒவ்வொருவர் கையிலும் என் அட்டையைச் சேர்ப்பிப்பது தன் பொறுப்பு என்றும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஒருநாள் முகத்திரை போட்ட ஒரு பெண் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். சந்தோஷத்தில் என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆறுதலாகச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றேன். அவர் பையிலிருந்து பிளவுஸ் துண்டு ஒன்றை எடுத்து விரித்து, ஒரு தண்ணியிலேயே சாயம் போய்விட்டது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். துணி மடிப்புக் குலையாமல் நிற்பதற்காக முதலாளி ஒவ்வொரு பிளவுஸ் துண்டுக்குள்ளும் என் அட்டை ஒன்றைச் செருகி, அதன் முதுகில் விலையையும் எழுதியிருந்தார். அட்டையில் இருந்த விலாசத்தைக் கடையின் டவுன் கிளை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் நேரே காத்தான்குடிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க மகள், நானே ஆள் அனுப்ப இருந்தன். அட்டை முடிஞ்சி போச்சி, இன்னும் கொஞ்சம் அடிச்சித் தாங்களன்.”

பாலத்தடியில் கேட்டவன்

கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிச் சோதனை போடுவார்கள். என் கைப்பையில் மிச்ச அட்டைகளைக் கண்ட ஆமிக்காரப் பெண், தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டாள். அவன் எழுத்துக் கூட்டி ‘உ-ள-வ’ வரைக்கும் வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்னைத் தனியாக ஓரத்தில் நிறுத்தினார்கள். பெரியவன் வந்தான். அட்டையைப் புரட்டி ஆங்கிலத்தில் பார்த்தான்; அதில் ‘கவுன்சலர்’ என்று இருந்தது. அவன் அதை நகரசபைக் கவுன்சிலர் என்று எடுத்துக்கொண்டு, நான் எந்தக் கட்சி என்று கேட்டான். ஒரு பக்கம் பார்த்தால் உளவு, மறுபக்கம் பார்த்தால் அரசியல். ஊரில் மனிதர் சாகக் காரணமான இரண்டு தொழிலையும் ஒரே அட்டையில் அச்சடித்து வைத்திருந்தேன். என்ன வேலை என்று ஆங்கிலத்தில் விளக்கி முடிக்க, அவனுக்கே அலுத்துப்போய்ப் போகச் சொன்னான்.

தமிழ் தெரிந்தவன்தான் என்னைப் பஸ் வரைக்கும் கூட்டிவந்தான். சின்ன வயதுதான் இருக்கும். பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கும்போது மெதுவாக ஒன்று கேட்டான். நான் கேளாதவள் போல ஏறி உட்கார்ந்தேன். யன்னல்களில் இருந்த அத்தனை கண்ணும் என்மேல்தான் இருந்தது. ஆமிக்காரனோடு நின்று கதைத்தாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எனக்கும் தொடர்பு வந்துவிடும். அதற்குப் பிறகு அவனை அந்தப் பாலத்தடியில் நான் காணவில்லை. அத்தனை பெரிய மனிதர்களின் வாசலில் ஏறி இறங்கியதற்கு, தானாக வந்து என் தொழிலைக் கேட்ட முதல் மனிதன் அவன் ஒருவன்தான். அவனையும் என்னால் உட்காரவைக்க முடியவில்லை.

“மிஸ், கண் மூடினா சத்தம் கேக்கிறது. அது கதைச்சா போகுமா?”

மழைக்கு ஒதுங்கியவர்

மாரி பிறந்து நத்தாரும் நெருங்கிவிட்டது. அப்பா என் உடுப்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வெயிலில் வைக்கப் பார்த்தார், வெயில்தான் இல்லை. நான் அட்டை கொடுப்பதையும் சிரிப்பதையும் விட்டுவிட்டு, சும்மா அறையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அரசடிச் சந்தியில் ஒருநாள் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துச் சோதனைக்காக எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கொட்டும் மழை. ஒரு பெண் என் வாசலில் ஒதுங்கினார். தன்னாமுனை ஆள், புருசன் வாவியில் மீன்பிடித் தொழில் செய்தவர். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். இரண்டு கதிரையையும் பார்த்துவிட்டு இது என்ன இடம் என்று கேட்டார். மனதில் கிடப்பதைச் சொல்கிறவர்கள் சொல்லலாம், நான் கேட்பேன் என்றேன். கேட்டு யாரிடம் சொல்வீர்கள் என்றார். ஒருவரிடமும் இல்லை என்றேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்து அவர் சொல்லத் தொடங்கினார்.

நான் படித்தபடி கேட்டேன். கண்ணைப் பார்ப்பது, சற்று முன்னால் சாய்வது, நீங்கள் சொல்வது விளங்குகிறது என்பதற்கு அடையாளமாக இடைக்கிடை தலையாட்டுவது. கொழும்பில் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவைத்து எங்களுக்கு அந்தத் தலையாட்டலைப் பழக்கினார்கள். அவர் சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தலையாட்ட வேண்டாம் என்று சொன்னார். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வரிசையாக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்களாம். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்டு ஒருவன் இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராகப் போனார்கள், சாக்கு அசையவில்லை. இவருடைய புருசன் முன்னால் வந்தபோது அது ஆடியது, மேலும் கீழுமாக, ஆறுதலாக. கொண்டுபோனவரை இன்றுவரை காட்டவில்லை.

ஆளைக் காட்டிக்கொடுக்கிற அந்தச் சாக்குக்காரனுக்குப் பெயர் தலையாட்டி; அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். எந்த வீட்டிலும் அதைச் சொன்னால் பெண்கள் எழும்பி உள்ளே போய்விடுவார்கள். இந்த ஊரில் வந்து தலையாட்டிக்கொண்டு கேள் என்று எனக்குப் படிப்பித்து, அதற்குச் சான்றிதழும் தந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மண்சுவர் போல அசையாமல் இருந்தேன். அவர் என்னை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை சொன்னார், அழுதார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை அப்பா திறப்பை வாங்கிச் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்காகக் குடையோடு வந்தார். வாசலில் வேறு யாரோ நிற்பதைக் கண்டு மதிலோரம் ஒதுங்கி நின்றார். தன்னாமுனைப் பெண் இந்தமுறை தன்னோடு இன்னொருத்தியைக் கூட்டி வந்திருந்தார். மெலிந்த பெண், கையில் ஒரு படத்தைச் சேலைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றாள். நான் உள்ளேயிருந்து எழும்பவுமில்லை, கூப்பிடவுமில்லை. முதல் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னது எனக்கும் கேட்டது, மதிலோரம் நின்ற அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் திறப்பைக் கேட்காமலே குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

“வா கா புள்ள, பயப்பிடாத. இந்த மிஸ் தலையாட்ட மாட்டா.”

கொழும்பில் எனக்குத் தலையாட்டப் படிப்பித்தார்கள், மட்டக்களப்பில் தலையாட்டாதவள் என்று பெயரெடுத்துப் பிழைத்தேன், சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிற சான்றிதழ் என்னவோ முதலாவதற்குத்தான்.